பழைய சைக்கிளைத் திருத்துவதா, எடைக்கு விடுவதா?

துணுக்காயிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு கிராமம். மதியம் திரும்பிய நேரம். விதை நெல் பற்றிப் பேசுவதற்காக ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். அப்போது பழைய இரும்பு வாங்குபவரின் லான்ட் மாஸ்டர் படலையடியில் வந்து நின்றது. வீட்டுக்காரத் தாய் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய் ஒரு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு சில்லும் இறுகிப்போய்ச் சுற்ற மறுத்ததால் அதை உருட்ட முடியவில்லை. ரயர்கள் இருந்த இடத்தில் கறுப்பு நார்கள் தொங்கின. முழுவதும் கறள். தொட்டால் கையில் செம்மண் போல ஒட்டியது.

இரும்புக்காரர் தராசை எடுத்தார். பதினாறு வயது மகன் ஒன்றும் பேசாமல் சைக்கிளின் பாரைப் பிடித்தபடி நின்றான். தாய் எம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் நாலு இடம் திரியிற ஆக்கள். இதைத் திருத்தலாமோ, குடுத்திட்டு விடலாமோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

எமக்கு உடனே பதில் தெரியவில்லை. உண்மையைச் சொல்லி, ஒரு கிழமை பொறுக்கும்படி கேட்டோம். இரும்புக்காரரும் நல்ல மனிதர். "அடுத்த முறை வரேக்க பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு கிழமையில் நாம் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம். ஏனெனில் இதே கேள்வி எமது கிராமங்களில் பல கொட்டில்களில் கூரையோடு தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சைக்கிளின் கதை

அது ஒரு றலி. தாயின் மாமனார் வவுனிக்குளத் திட்டத்தில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. இங்கிலாந்தில் நொட்டிங்காம் நகரில் செய்யப்பட்ட வண்டி. 24 அங்குல உயரச் சட்டம், 28 அங்குலச் சில்லு, கைபிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் வழியாக இயங்கும் பிறேக். செயின் கவரில் மாமனாரின் பெயரின் முதலெழுத்துகள் வெள்ளைப் பெயின்றில் எழுதப்பட்டிருந்தன. பின் மட்காட்டில் ஒரு சிறிய தகடு. முன்னர் உள்ளூராட்சி சபைகள் சைக்கிளுக்கும் ஆண்டு வரி அறவிட்டு இப்படித் தகடு கொடுத்தன. அதில் இருந்த ஆண்டைக் கறள் தின்றுவிட்டது.

மாமனாருக்குப் பின் அதை ஓடியவர் அவரது மகன், அதாவது இந்தத் தாயின் கணவர். 1990இல் மீண்டும் போர் தொடங்கி வடக்கிற்கு எரிபொருள் தடுக்கப்பட்ட பின்னர் எமது பகுதிகளில் சைக்கிளின் வேலை என்னவென்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நெல் மூட்டை சைக்கிளில் போனது. விறகு போனது. நோயாளியும் கரியரில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனார். மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் எழுந்து நடந்தபோதும், பின்னர் பலர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்கு வந்தபோதும் சைக்கிளே வண்டிலாகவும் அலுமாரியாகவும் இருந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு மக்கள் வெளியேறிய பின் மல்லாவியும் துணுக்காயும் நிரம்பி வழிந்தன. கச்சேரி வேலைகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும் மர நிழல்களுக்கு வந்தன. அந்தத் தெருக்களில் ஓடியவற்றுள் பெரும்பாலானவை சைக்கிள்களே.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் துணுக்காயும் மல்லாவியும் வெறிச்சோடின. அந்தக் குடும்பம் வீட்டில் இருந்த புதிய சைக்கிளில் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கிழக்கே போனது. பழைய றலியைக் கொட்டில் மூலையில் சாய்த்து, மேலே கிடுகைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். புதிய சைக்கிள் முள்ளிவாய்க்கால் வரை போயிற்று. அங்கிருந்து அது திரும்பவில்லை. போர் முடிந்த பின் அந்தக் கரையோரத்தில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் குவியல் குவியலாகக் கிடந்ததைப் பலரும் கண்டிருப்பீர்கள். கணவரும் திரும்பவில்லை.

2009இன் பிற்பகுதியில் துணுக்காயில் மீள்குடியேற்றம் தொடங்கியது. கைக்குழந்தையோடு தாய் வந்து பார்த்தபோது கொட்டில் சரிந்து கிடந்தது. அதன் கீழே, மண்ணுக்குள் பாதி புதைந்து, றலி கிடந்தது. எடுத்துத் தட்டிக் கூரையில் கட்டினார். அதற்குப் பிறகு அவிழ்த்தது அன்றுதான்.

ஏன் இப்போது? மகன் உயர்தர வகுப்புக்கு மல்லாவிக்குப் போய்வர வேண்டும். பஸ் நேரத்துக்கு வருவதில்லை. தோட்டத்துக் கத்தரி, மிளகாயைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரு வண்டி வேண்டும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் புதிய சைக்கிளின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களை அவர் மறக்கவில்லை. புதிதாக வாங்கக் காசு இல்லை. பழையதைத் திருத்தவும் காசு வேண்டும். எடைக்குக் கொடுத்தால் சிறு காசு உடனே கையில் வரும்.

தோலைப் பார்க்காமல் எலும்பைப் பார்த்தல்

நாம் சைக்கிளை லான்ட் மாஸ்டரில் ஏற்றி, மல்லாவிப் பக்கத்தில் நீண்டகாலமாகச் சைக்கிள் திருத்தும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். வெடித்த ரயருக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடவிட்ட காலத்து மனிதர் அவர். எம்மைக் கண்டதும் சிரித்தார்.

"எல்லாரும் கறளைப் பாத்துப் பயப்பிடுகினம். கறள் தோல். தோலைப் பாக்காதேங்கோ, எலும்பைப் பாருங்கோ" என்றார்.

கறளில் மூன்று வகை உண்டு என்று அவர் காட்டினார். முதலாவது, செம்பொடி போல மேலே படிந்திருப்பது. தேய்த்தால் கீழே நல்ல இரும்பு தெரியும். இதனால் நட்டமில்லை. இரண்டாவது, அம்மைத் தழும்பு போல இரும்பைக் குழிகுழியாகத் தின்றிருப்பது. குழாய் தடிப்பாக இருந்தால் இதுவும் தாங்கும். ஆனால் குண்டுகள் ஓடும் பாதையிலும் சில்லு றிம்மிலும் இப்படிக் குழி விழுந்தால் அந்தப் பாகம் முடிந்தது. மூன்றாவது, இத்துப்போன இரும்பு. அழுத்தினால் பிஸ்கற் போல உதிரும். சட்டத்தில் இதைக் கண்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

கடற்கரை மணலிலோ உப்புநீரிலோ கிடந்த சைக்கிள்களில் இந்த மூன்றாவது வகை அதிகம். உப்பு குழாயின் உள்ளே புகுந்து, வெளியில் பெயின்ற் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து தின்றுவிடும். எமது உள்ளூர்ச் செம்மண்ணில் கிடந்த வண்டிக்கு அந்தக் கெடுதி குறைவு.

சட்டத்தைச் சோதிக்க அவர் நான்கு வேலைகள் செய்தார். இவற்றை எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

1. சாவியால் ஒவ்வொரு குழாயையும் மெல்லத் தட்டினார். நல்ல குழாய் மணி போல ஒலிக்கும். இத்த குழாய் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும்.

2. கூரிய ஊசி ஒன்றை எடுத்து, பெடல் அச்சு பொருந்தும் கூட்டின் அடிப்பக்கத்திலும், அங்கிருந்து பின் சில்லுக்குப் போகும் இரண்டு குழாய்களின் தொடக்கத்திலும் அழுத்திக் குத்தினார். சீற் குழாய் வழியாக இறங்கும் மழைநீர் முழுவதும் வந்து தேங்கும் இடம் அதுதான். ஊசி உள்ளே இறங்கினால் சட்டம் போய்விட்டது. எமது றலியில் ஊசி இறங்கவில்லை.

3. கைபிடித் தண்டு நுழையும் கழுத்துக் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். அங்கே தோல் சுருங்கியது போல மடிப்பு இருந்தால், வண்டி எப்போதோ முன்னால் மோதியிருக்கிறது என்பது பொருள். பெயின்ற் வெடித்திருந்தாலும் அதே பொருள்தான்.

4. ஒரு நூலைப் பின் சில்லு பொருந்தும் ஒரு பக்கத்துக் காதில் கட்டி, முன்னே கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கத்துக் காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார். பின்னர் நடுவே நிற்கும் சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பாதகமில்லை. அதற்கு மேல் போனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நான்கிலும் றலி தேறியது. மகனின் முகம் மலர்ந்ததைக் கண்டோம். ஆனால் பெரியவர் முன் சில்லைத் தாங்கும் போர்க்குக்கு வந்தபோது நெற்றியைச் சுருக்கினார்.

போர்க்கின் இடது காலில், மேற்பக்கத்தில், மெழுகு வடிந்தது போலத் தடித்த ஒட்டு ஒன்று இருந்தது. 2004இல் நெல் மூட்டையோடு பள்ளத்தில் விழுந்து வெடித்ததைக் கணவர் மின் ஒட்டுப் போடுவித்துக் கொண்டுவந்ததாகத் தாய் சொன்னார். ஒட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு கறளோடு ஓடியிருந்தது.

"பிள்ளை, இதை மட்டும் நான் போடமாட்டன்" என்றார் பெரியவர். "சட்டம் முறிஞ்சா வண்டி நிக்கும். போர்க் முறிஞ்சா பெடியன்ர முகம் தான் றோட்டில."

அவர் சொன்ன காரணத்தை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. இந்தப் பழைய சட்டங்களின் குழாய்கள் மெல்லியவை. மூட்டுகளில் இரும்புக் காதுகளுக்குள் குழாயைச் செருகி, பித்தளையை உருக்கி ஊற்றி இணைத்திருப்பார்கள். பித்தளை உருகும் சூட்டில் இரும்பு உருகாது, அதனால் குழாய் பலம் இழப்பது குறைவு. மின் ஒட்டின் கடும் சூடு மெல்லிய குழாயைத் தின்று, ஒட்டுக்குப் பக்கத்தில் இரும்பை முறியும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. சட்டத்தில் ஒட்டு வேண்டுமென்றால் காஸ் விளக்கால் பித்தளை ஒட்டு வைக்கத் தெரிந்தவரிடம் போங்கள். போர்க்கில் வெடிப்பு என்றால் எந்த ஒட்டும் வேண்டாம், மாற்றுங்கள்.

சுற்றும் பாகங்கள்

அடுத்து, சுற்றும் இடங்கள். கழுத்து, முன் அச்சு, பின் அச்சு, பெடல் அச்சு ஆகிய நான்கிலும் இரும்புக் குண்டுகளே பாரத்தைத் தாங்குகின்றன. குண்டுகள் மலிவு. குண்டு ஓடும் கோப்பையையும் கோனையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். பாதை கண்ணாடி போல மினுங்கினால் நல்லது. குழி இருந்தால் அந்தக் கோனை மாற்ற வேண்டும். புதுக் குண்டைப் போட்டாலும் குழி அதை அரைத்துவிடும்.

றலி வைத்திருப்பவர்கள் ஓர் விடயத்தை நினைவில் வையுங்கள். நொட்டிங்காமில் செய்த றலிகளில் பெடல் அச்சுக் கோப்பையின் புரி ஓர் அங்குலத்துக்கு 26. ஏனைய பொதுவான வண்டிகளில் 24. கடையில் வாங்கிய கோப்பை இரண்டு சுற்றோடு இறுகினால் பலவந்தம் பண்ண வேண்டாம், சட்டத்தின் புரி அழிந்துவிடும். பழைய கோப்பையைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். முடியுமானால் பழையதையே கழுவிப் போடுங்கள்.

சில்லுகளிலும் இப்படி ஒன்று உண்டு. இங்கிலாந்து முறைச் சைக்கிள்களில் முன் சில்லுக்கு 32 கம்பிகள், பின் சில்லுக்கு 40. வேறு பல வண்டிகளில் இரண்டுக்கும் 36. றிம் வாங்கப் போகுமுன் துளைகளை எண்ணுங்கள். எண்ணாமல் வாங்கி வந்து திரும்பப் பஸ் ஏறியவர்கள் பலர். 28க்கு 1½ அளவு ரயரை இந்தியக் கம்பனிகள் தொடர்ந்து செய்துவந்ததால் இந்தப் பழைய வண்டிகளுக்கு ரயர் இல்லையென்று கைவிட வேண்டியதில்லை.

செயினை அளப்பதும் எளிது. ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவைத்தால் பல்லுச் சில்லையும் தின்னும்.

பிறேக்கை அலட்சியம் செய்யாதீர்கள். கம்பிப் பிறேக்கின் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தில் அழுத்துகின்றன. அந்த முகம் கறளால் சொரசொரப்பாக இருந்தால் கட்டை சில நாளில் தேய்ந்துவிடும். மழையில் இரும்பு றிம் நனைந்தால் நல்ல பிறேக்கும் தாமதமாகவே பிடிக்கும். அந்தக் காலத்தில் எமது வீதிகளில் வாகனம் குறைவு. இன்று மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியில் ரிப்பரும் பஸ்ஸும் எப்படி ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

கணக்கு

இனி, காசு. பெரியவர் ஒரு கடதாசியில் மூன்று நிரல் கீறச் சொன்னார்.

முதல் நிரலில், இல்லாவிட்டால் ஓடக்கூடாதவை: போர்க், முன் றிம், இரண்டு ரயர், இரண்டு ரியூப், செயின், பிறேக் கட்டை, குண்டுகள். இரண்டாம் நிரலில், ஆறு மாதம் பொறுக்கக்கூடியவை: சீற், பெடல் ரப்பர், கரியர், மணி. மூன்றாம் நிரலில், ஆசைக்கானவை: பெயின்ற், நிக்கல் பூச்சு, புது மட்காட்.

"முதல் நிரலைக் கூட்டுங்கோ. அது, ஓடுற நிலைமையில உள்ள ஒரு பழைய சைக்கிளின்ர விலையில பாதிக்குள்ள நிண்டா, திருத்துங்கோ. முக்கால் பங்குக்கு மேல போனா, மற்றதை வாங்குங்கோ. நடுவில நிண்டா, உங்கட கை வேலை எவ்வளவு எண்டு பாருங்கோ."

இது ஒருவரின் அனுபவக் கணக்கு. இதைச் சட்டம் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் கடைக்குப் போகுமுன் இப்படி எழுதிப் பார்த்த குடும்பம் நட்டப்படாது. பலர் செய்யும் பிழை என்னவென்றால், முதலில் பெயின்றும் சீற்றும் வாங்கிவிட்டு, பின்னர் அச்சு போயிருப்பதைக் காண்பது.

கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொரு கேள்வி: யார் ஓடப்போகிறார்? உயரமான ஆண்கள் சைக்கிள், நடுவே பார் உள்ளது. சேலையோடும் பாவாடையோடும் அதில் ஏற முடியாது. இந்த வீட்டில் மகன் ஓடப்போகிறான். மகளுக்காகக் கேட்டிருந்தால், சட்டம் நன்றாக இருந்தும் எமது பதில் வேறாக இருந்திருக்கும்.

எடைக்குக் கொடுப்பதானாலும் அவசரம் வேண்டாம். இப்படியான சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. அந்த எடைக்குள் நல்ல பின் அச்சு, நல்ல கிறாங், புறூக்ஸ் என்ற பெயர் பொறித்த தோல் சீற், பழைய விளக்கு ஆகியன இருக்கலாம். தனித்தனியாக அவற்றுக்கு இரும்பு விலையை விட மதிப்பு உண்டு. பின் அச்சுக் கூட்டில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பொறித்து, அருகே இரண்டு இலக்கம் இருந்தால் அது பெரும்பாலும் செய்த ஆண்டு. மூன்று கியர் கொண்ட அந்த அச்சு நல்ல நிலையில் இருந்தால் பழைய வண்டி சேர்ப்பவர்கள் தேடி வாங்குவார்கள். சட்டம் இத்துப்போன வண்டி கூட இன்னொரு வண்டியை எழுப்பும். ஒரே கிராமத்தில் இரண்டு உடைந்த சைக்கிளிலிருந்து ஓடும் சைக்கிள் ஒன்றை எடுப்பது பல இடங்களில் சாத்தியம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பாகம் தேடியோ இரும்பு தேடியோ பற்றைக்காடுகளுக்குள் போக வேண்டாம். வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதி சொல்லப்படாத நிலத்தில் கிடக்கும் எந்த இரும்பையும், அது சைக்கிளாகவே இருந்தாலும், இழுக்க வேண்டாம், கிளப்ப வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய வேலை

கூலியைக் குறைக்கும் வழி, கழற்றுவதையும் கழுவுவதையும் நாமே செய்வது. மகனும் அவனது இரண்டு நண்பர்களும் மூன்று நாளில் செய்தார்கள்.

இறுகிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் கொஞ்சம் ஒயிலும் கலந்து விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். சீற் தண்டு மிகவும் பிடித்திருந்தது. இரும்பு கறளாகும்போது பருக்கிறது, அதனால் ஒன்றுக்குள் ஒன்று இறுகிவிடுகிறது. நான்கு நாள் ஊறிய பின்னரே அசைந்தது. குழாயால் நெம்பியிருந்தால் சட்டம் முறுகியிருக்கும்.

கறளைத் தேய்க்கத் தேங்காய்த் தும்பும் மண்ணெண்ணெயும் போதும். பிடிவாதமான இடத்துக்குச் சாண்ட் பேப்பர். சிறு நட்டு, ஆணி போன்றவற்றைப் பழப்புளிக் கரைசலிலோ எலுமிச்சம் புளியிலோ ஓர் இரவு போட்டால் கறள் கழன்றுவிடும். புளியில் ஊறியதைச் சாம்பல் தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் பூசுங்கள். இல்லையேல் மறுநாளே மீண்டும் சிவக்கும். சில்லுக் கம்பிகளையும் குண்டுகளையும் புளியில் ஊறப்போட வேண்டாம், முறியும். தடைக்காலத்தில் நாம் தேங்காய் எண்ணெய் விட்டே ஓடினோம். அது தூசியைப் பிடித்து இறுகும். இப்போது கிறீஸ் கிடைக்கிறது, அதையே பூசுங்கள்.

தேய்த்த இடங்களுக்குச் சிவப்பு ஒக்சைட் பூசி, அதற்கு மேல் கறுப்புப் பெயின்ற் ஒரு பூச்சு. இது அழகுக்காக அல்ல, மழைக்காக.

உலகம் என்ன சொல்கிறது

இது எம்முடைய ஏழ்மைக்கு மட்டும் உரிய யோசனை என்று எவரும் குறைவாக எண்ண வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனின் எண்ணெய் நின்றபோது கியூபா சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை வாங்கித் தன் மக்களை வேலைக்கு அனுப்பியது. 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின், 2005இல் எமது நாட்டிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. எல்லாம் இழந்த மக்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொடுக்கப்பட்டன. அதைத் தொடங்கிய வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப் அமைப்பு பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களுக்குப் போனது. அங்கே அவர்கள் தேர்ந்தெடுத்ததும் பாரமான இரும்புச் சைக்கிளே. காரணம், எந்தக் கிராமத்திலும் திருத்தலாம், பாரம் தாங்கும்.

றலியைச் செய்த நொட்டிங்காம் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவர்கள் செய்த சட்டம் துணுக்காயில் ஊசிக்கு இடம் கொடுக்காமல் நின்றது.

என்ன முடிவு?

முதல் நிரலின் கூட்டுத்தொகை, பெரியவரின் பாதிக் கணக்கைச் சற்றுத் தாண்டியது. போர்க்தான் தாண்ட வைத்தது. பக்கத்துக் கிராமத்தில் சட்டம் இத்துப்போன ஒரு பழைய சைக்கிளின் போர்க் அளவுக்குப் பொருந்தியது. அந்த வீட்டார் காசு கேட்கவில்லை. சிறுபோகத்துக்கு ஒரு நாள் கை உதவி கேட்டார்கள். அத்துடன் கணக்கு பாதிக்குள் வந்து நின்றது.

தாய் ஓரிடத்தில் மட்டும் தயங்கினார். பெரியவர் கழற்றிப் போட்ட பழைய போர்க்கைக் கையில் எடுத்து, அந்த ஒட்டை விரலால் தடவியபடி நின்றார். "இது அவர் செய்விச்சது" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தின் பின் அவரே பேசினார். "அவர் இருந்தாலும் பிள்ளையை இதில விடமாட்டார்."

திருத்துவது வேறு, நினைவுக்கு வைப்பது வேறு. இரண்டையும் ஒரே சைக்கிளில் ஏற்றினால் பிழைவிடுவோம். பாசத்துக்காக வெடித்த போர்க்கை ஓடவிடக் கூடாது. காசுக்காக எல்லாவற்றையும் தராசில் போடவும் வேண்டியதில்லை. அந்தப் போர்க் இன்று சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. செயின் கவரில் இருந்த எழுத்துகளுக்கு மேல் கறுப்புப் பெயின்ற் படாதபடி மகன் கடதாசி ஒட்டிப் பூசியிருக்கிறான்.

இரும்புக்காரர் அடுத்த முறை வந்தபோது பழைய றிம்மும் செயினும் மட்டும் கிடைத்தன. சைக்கிளைப் பார்த்து, "விக்கிறீங்களோ?" என்று கேட்டாராம். இம்முறை தராசை எடுக்கவில்லை.

உங்கள் கொட்டிலில் ஒரு பழைய சைக்கிள் தொங்கினால், இறக்கி வைத்து இவற்றைக் கேளுங்கள்:

சட்டம் தட்டினால் ஒலிக்கிறதா? ஊசி இறங்குகிறதா?
போர்க்கில் வெடிப்போ ஒட்டோ உண்டா?
யார் ஓடப்போகிறார், என்ன ஏற்றப்போகிறார்?
முதல் நிரல், ஓடும் பழைய சைக்கிளின் விலையில் பாதிக்குள் நிற்கிறதா?
எந்த வேலையை நாமே செய்யலாம்? எந்தப் பாகம் அயலில் கிடைக்கும்?

விடைகள் நன்றாக வந்தால் மண்ணெண்ணெயும் தும்பும் எடுங்கள். நன்றாக வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு பெட்டியில் நான்கு சாவி, ஒரு செயின் வெட்டி, ஒரு பம், ஒரு நூல் உருண்டை வாங்கி வைத்தால் பத்து வீட்டுச் சைக்கிள்கள் எழும்பும். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே எமது பிள்ளைகள் இரண்டு பேராவது அவர்களிடம் போய் நிற்கட்டும்.